ஆய்வகத்தில் 22 கணினிகள், 22 தேதிகள்: லினக்ஸில் நேரத்தைத் தானாகச் சரிசெய்ய வழி உண்டா?

சாவிக்கொத்து · திங்கள், காலை 11:20

வணக்கம். கிராமத்துப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். ஆய்வகத்தில் 22 பழைய மேசைக்கணினிகள். போன ஜூலையில் நானே உட்கார்ந்து எல்லாவற்றிலும் டெபியன் 12 லினக்ஸ் போட்டேன், க்னோம் டெஸ்க்டாப்போடு. அப்போது தேதியைக் கையால் வைத்ததோடு சரி, அப்புறம் தொடவில்லை.

இது மார்ச் மாதம். ஆனால் 9-ஆம் எண் கணினி போன ஆகஸ்ட் 2 என்கிறது. 11-ஆம் எண்ணில் ஜூலை 24. ஜன்னலோரம் இருக்கும் 17, வெயில் அடிப்பதால் பிள்ளைகள் யாரும் உட்காராத இடம், அது இன்னும் ஜூலை 8-ஐத் தாண்டவில்லை. பயாஸுக்குள் (கணினி திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போய்ப் பார்த்தால் எல்லாமே 2012 ஜனவரி 1. அப்படியானால் லினக்ஸிலும் 2012 தானே வரவேண்டும்?

இன்னொரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை 4-ஆம் எண்ணில் தானியங்கி நேரத்தை அணைத்து, தேதியைச் சரியாக வைத்து, மறுபடி ஆன் செய்துவிட்டு, நாலரை மணி வாக்கில் மூடினேன். இன்று காலை 9 மணிக்குத் திறந்தால் வெள்ளி மாலை 4:31 காட்டுகிறது. திங்களாகவே ஆகவில்லை.

இதனால் சில இணையதளங்கள் திறக்கின்றன, சில "கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று மறுக்கின்றன. ஒவ்வொரு கணினியாகப் போய்த் தேதி வைக்க என்னால் ஆகாது. எல்லாம் தானாகவே சரியாகிக்கொள்ள வழி சொல்லுங்கள்.

பழைய_சர்வர் · திங்கள், மதியம் 12:05

டீச்சர், உங்கள் கணினிகள் தேதி காட்டவில்லை. டிராக்டரில் ஹவர் மீட்டர் இருக்குமே, அந்த வேலையைச் செய்கின்றன. ஜூலையிலிருந்து மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடின என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் யாரும் உட்காராத 17 கடைசியில் நிற்கிறது.

காரணம் இரண்டு. மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ செல், சிஆர்2032, எல்லாவற்றிலும் செத்துவிட்டது. அதனால் பயாஸ் 2012-க்குத் திரும்புகிறது. ஆனால் டெபியனில் சிஸ்டம்டி-டைம்சின்க்டி என்று ஒரு சேவை ஓடுகிறது. வெளியிலிருந்து நேரம் கிடைக்காவிட்டால், நிமிடத்துக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை வட்டில் குறித்துவைப்பது அதன் வழக்கம். அடுத்த முறை திறக்கும்போது கடிகாரம் அந்தக் குறிப்பைவிடப் பின்னால் இருந்தால், குறிப்பில் இருக்கும் நேரத்துக்கு நகர்த்திவிடும். வெள்ளி 4:31-க்கு மூடினீர்கள், திங்கள் அங்கிருந்தே தொடர்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற செல்லே இல்லாத பலகைகளுக்கு இது பெரிய உதவி. உங்களுக்கு அது நோயை மறைத்துவிட்டது.

சில தளங்கள் மட்டும் திறக்காததும் இதனால்தான். கணினி தன்னை ஆகஸ்டில் இருப்பதாக நினைக்கிறது. அதற்குப் பிறகு வழங்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ் அதன் கண்ணில் இன்னும் பிறக்காதது. 90 நாளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கும் தளங்கள் எல்லாம் அடிபடும். ஓராண்டுச் சான்றிதழ் வைத்திருப்பவை சில தப்பிக்கும்.

நான் கேட்பது: டைம்சின்க்டி ஏன் வெளியிலிருந்து நேரம் வாங்கவில்லை? ஒரு கணினியில் "டைம்டேட்சிடிஎல் டைம்சின்க்-ஸ்டேட்டஸ்" அடித்து என்ன வருகிறது என்று போடுங்கள். (கட்டளைகளை ஒலிப்படித் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

சாவிக்கொத்து · திங்கள், மதியம் 2:40

ஹவர் மீட்டர்! இத்தனை மாதம் இது தோன்றவில்லையே.

சர்வர் என்ற இடத்தில் டெபியனின் பூல் முகவரி (பல நேர சர்வர்களுக்கான பொதுப்பெயர்) இருக்கிறது. கீழே "பாக்கெட் கவுண்ட்: 0". வெறும் "டைம்டேட்சிடிஎல்" அடித்தால் "என்டிபி சர்வீஸ்: ஆக்டிவ்" என்று வருகிறது, அதற்கு மேலே "சிஸ்டம் கிளாக் சின்க்ரனைஸ்டு: நோ".

அஞ்சுநிமிஷம் · திங்கள், மாலை 5:15

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? 22 செல் வாங்கிப் போடுங்கள். அப்புறம் க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் சேவை) அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை என்டிபிடேட் (நேரத்தை ஒருமுறை கேட்டு வைக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். 15 வருஷமாக நான் இப்படித்தான் செய்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

பழைய_சர்வர் · திங்கள், மாலை 6:02

செல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, போடத்தான் வேண்டும். ஆனால் செல் போட்டால் திறக்கும்போது தேதி சரியாக இருக்கும், அவ்வளவுதான். பலகையில் இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி. மாதத்துக்கு முக்கால் நிமிடத்துக்கு மேல்.

க்ரான் யோசனையில் முதல் ஓட்டை: பாக்கெட் கவுண்ட் 0. அதாவது கேள்வி போகிறது, பதில் வரவில்லை. என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியே நேரம் கேட்கும் முறை, போகும் வழி யுடிபி 123-ஆம் போர்ட். அதை வெளியே யாரோ அடைத்திருக்கிறார்கள். என்டிபிடேட்டும் அதே வாசலில்தான் போய் முட்டும்.

இரண்டாவது, என்டிபிடேட் அரை விநாடிக்கு மேல் பிசகு கண்டால் கடிகாரத்தைப் பிடித்து இழுத்து வைத்துவிடும். முன்னால் ஓடிய கடிகாரத்தைப் பின்னால் இழுத்தால், ஏற்கனவே கடந்த விநாடிகள் மறுபடி வரும். தரவுத்தளம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், அது என்ன பாடு என்று சொல்வார்கள். நிரந்தரமாக ஓடும் சேவை என்றால் சிறு பிசகைக் கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே சரிசெய்யும். பழைய என்டிபிடி சேவை விநாடிக்கு அரை மில்லிவிநாடிக்கு மேல் நகர்த்தாது. ஒரு விநாடியைச் சரிக்கட்ட அரைமணிக்கு மேல் ஆகும், ஆனால் நேரம் பின்னால் போகாது.

மூன்றாவது, எல்லாரும் க்ரானில் சரியாக 00, 05, 10 நிமிடத்தில் ஒரே விநாடியில் போய்க் கதவைத் தட்டினால் நேரம் தருபவர் கதி என்ன? 2003-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேர சர்வருக்கு இதைவிட மோசமாக நடந்தது. நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரௌட்டர்களில் அந்த ஒரே முகவரியை மென்பொருளிலேயே பதித்து அனுப்பியிருந்தார்கள். பதில் வராவிட்டால் விநாடிக்கு ஒருமுறை கேட்கும்படி வேறு எழுதியிருந்தார்கள். லட்சக்கணக்கான ரௌட்டர்கள். முகவரியை ஒவ்வொரு கருவியிலும் எழுதிவைக்காதே என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை இது.

அஞ்சுநிமிஷம் · திங்கள், மாலை 6:30

123 அடைப்பை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் க்ரானை நான் விடுவதாக இல்லை.

வலைப்பின்னி · திங்கள், இரவு 9:10

அக்கா, இதை நெட்வொர்க் பக்கத்திலிருந்து தீர்க்கலாம். கணினி போட்டதும் ஐபி முகவரி எப்படிக் கிடைக்கிறது? டிஹெச்சிபி தருகிறது, நெட்வொர்க்கில் சேரும் கணினிக்கு முகவரி ஒதுக்கும் சேவை அது. அதே பதிலில் கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) எல்லாம் சேர்ந்து வருகிற மாதிரி, "நேரம் கேட்க வேண்டிய இடம் இது" என்றும் அனுப்பலாம். அதற்கு 42-ஆம் எண் ஆப்ஷன். யாரும் எந்தக் கணினியையும் தொட வேண்டாம், நாளை 23-ஆவது வந்தாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

முதலில் இணைப்பு தருபவர்களிடம் பேசுங்கள். 22-க்கும் திறக்கச் சொன்னால் தயங்குவார்கள். "ஒரே ஒரு ஐபிக்கு மட்டும் யுடிபி 123 வெளியே போகட்டும்" என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் மேசையில் இருக்கும் கணினிக்கு அந்த ஐபியை நிலையாகக் கொடுங்கள், 192.168.10.2 என்று வைத்துக்கொள்வோம். அதில் க்ரோனி நிறுவுங்கள், நேரம் வாங்கவும் மற்ற கணினிகளுக்குக் கொடுக்கவும் தெரிந்த மென்பொருள் அது. மேலே கேட்க: சமய்1.நிக்.இன், சமய்2.நிக்.இன், டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க். கடைசியில் சொன்னது புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது, இந்திய நேரத்தைப் பராமரிப்பவர்களே அவர்கள்தான். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) நேர ஒத்திசைவு பற்றிப் போட்ட உத்தரவுக்குப் பிறகு இங்கே பல அலுவலகங்களில் இந்த முகவரிகளைத்தான் பார்க்கலாம். கூடவே இந்தியப் பூலையும் ஒரு வரி சேருங்கள். ஒன்று பொய் சொன்னால் மற்றவை சேர்ந்து காட்டிக்கொடுக்கும்.

க்ரோனி.கான்ஃப் கோப்பில் இன்னும் இரண்டு வரி: "அலவ் 192.168.10.0/24". இதைச் சேர்த்தால்தான் மற்ற கணினிகளுக்குப் பதில் சொல்லும். "லோக்கல் ஸ்ட்ராட்டம் 10" என்றால் இணையம் போனாலும் தன் நேரத்தைத் தொடர்ந்து கொடுக்கும்.

கடைசியாக அதே கணினியில் டிஎன்எஸ்மாஸ்க், டிஹெச்சிபி வேலையைச் செய்யும் மென்பொருள். அதில் "டிஹெச்சிபி-ஆப்ஷன்=42,192.168.10.2". ரௌட்டரில் இருக்கும் டிஹெச்சிபியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுப்பதுதான் கிடைக்கும், ஒரு நாள் ஓடும் ஒரு நாள் ஓடாது.

பழைய_சர்வர் · திங்கள், இரவு 9:45

தம்பி சொன்னதில் லோக்கல் ஸ்ட்ராட்டம் வரி கத்தி மாதிரி. உங்கள் மேசைக் கணினியிலும் செல் செத்திருந்து, இணையமும் இல்லாத காலையில் திறந்தீர்கள் என்றால், அது தன் தவறான நேரத்தை 21 பேருக்கும் பக்குவமாகப் பரிமாறும். முதல் செல்லை அதற்குப் போடுங்கள். நாற்பது ஐம்பது ரூபாய்தான்.

சாவிக்கொத்து · வியாழன், மாலை 4:50

என் மேசைக் கணினிக்குச் செல் போட்டாயிற்று. 123-ஐ ஒரு ஐபிக்குத் திறந்தும் கொடுத்துவிட்டார்கள், ஒரு கடிதத்தோடு முடிந்தது. என் மேசைக் கணினியில் "க்ரோனிசி சோர்சஸ்" அடித்தால் ஒரு வரிக்கு முன்னால் கூரைக்குறியும் நட்சத்திரமும் வருகிறது. ரீச் என்ற இடத்தில் 377. அது என்ன கணக்கு?

ஆனால் மற்ற கணினிகள் அசையவில்லை. 9-ஆம் எண்ணை மூடித் திறந்தேன். ஐபி புதிய டிஎன்எஸ்மாஸ்க்கிலிருந்துதான் வருகிறது, எண் வரிசை மாறியிருக்கிறது. டைம்சின்க்-ஸ்டேட்டஸில் பார்த்தால் இன்னும் அதே டெபியன் பூல், அதே 0.

வலைப்பின்னி · வியாழன், இரவு 8:20

377 எண்மக் கணக்கு அக்கா. இரும எண்ணாக எழுதினால் எட்டு ஒன்றுகள். கடைசியாகக் கேட்ட எட்டு முறையும் பதில் வந்தது என்று அர்த்தம். நட்சத்திரம் என்றால் இப்போது அதைத்தான் பின்பற்றுகிறது.

9-ஆம் எண்ணில் "என்எம்சிஎல்ஐ -எஃப் டிஹெச்சிபி4 டிவைஸ் ஷோ" அடித்து, என்டிபி_சர்வர்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

சாவிக்கொத்து · வெள்ளி, காலை 9:30

இருக்கிறது. 192.168.10.2 என்று தெளிவாகவே இருக்கிறது.

வலைப்பின்னி · வெள்ளி, காலை 10:05

அப்படியானால் கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது, வாசலில் வாங்கியவர் உள்ளே கொடுக்கவில்லை.

வாங்கியவர் நெட்வொர்க்மேனேஜர். உள்ளே இருப்பவர் டைம்சின்க்டி. டைம்சின்க்டிக்கு 42-ஆம் ஆப்ஷன் போய்ச் சேர்வது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி வழியாக. நெட்வொர்க்டி பயன்படுத்தும் சர்வர்களில் ஒன்றும் செய்யாமலே வேலை நடந்துவிடும். டெஸ்க்டாப்பில் இணைப்பைப் பார்ப்பது நெட்வொர்க்மேனேஜர், அது இந்தத் தகவலை டைம்சின்க்டிக்குத் தானாகச் சொல்வதில்லை. முன்பு டிஹெச்கிளையன்ட் என்ற தனி டிஹெச்சிபி நிரல் இருந்தபோது அதன் ஹூக் ஸ்கிரிப்ட் ஒன்று இந்தத் தூதுவேலையைச் செய்தது. இப்போது நெட்வொர்க்மேனேஜர் தனக்குள்ளேயே டிஹெச்சிபி பேசிக்கொள்வதால் அந்த ஸ்கிரிப்டை யாரும் கூப்பிடுவதில்லை. நேர்மையாகச் சொன்னால், திங்களன்று நான் உங்களுக்கு எழுதும்போதே இது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

எளிய வழி, மற்ற 21-லும் க்ரோனியே போட்டுவிடுவது. டெபியனின் க்ரோனி பொட்டலத்தில் நெட்வொர்க்மேனேஜருக்கான டிஸ்பாட்சர் ஸ்கிரிப்ட் சேர்ந்தே வருகிறது. அது 42-இல் வந்த முகவரியை /ரன்/க்ரோனி-டிஹெச்சிபி என்ற அடைவில் ஒரு சிறு கோப்பாக எழுதும். க்ரோனி.கான்ஃபில் அந்த அடைவைப் படிக்கச் சொல்லும் வரி ஏற்கனவே இருக்கிறது, நீங்கள் எதையும் எழுத வேண்டாம். க்ரோனி உள்ளே வரும்போது டைம்சின்க்டி தானாக வெளியேறிவிடும், இரண்டு பேர் ஒரே கடிகாரத்தைப் பிடித்து இழுக்க டெபியன் விடாது.

கொக்குவில்காரன் · வெள்ளி, மதியம் 1:30

வணக்கம். இடையில் ஒரு விசயம் சொல்லவேணும். என்டிபி கொண்டு வருவது உலகப் பொதுநேரம் மட்டும்தான், நேரவலயம் அதில் வராது. அது ஒவ்வொரு கணனியிலும் தனியாக இருக்கும். நாங்கள் இங்கே ஒரு நூலகத்தில் உங்களைப்போலத்தான் க்ரோனி பாவிக்கிறோம். எல்லாம் ஒத்திசைவு என்று காட்டிச்சுது, ஆனால் ஒரு கணனி மட்டும் இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடியது. பார்த்தால் முன்பு அதைப் பாவித்த ஆள் சிங்கப்பூர் வலயம் வைத்திருக்கிறார்.

உங்களுக்கும் எங்களுக்கும் இப்போது ஒரே 5:30 தான், ஆனாலும் ஏசியா/கொழும்பு என்று நான் தனியாகவே வைப்பேன். 1996 மே மாதம் மின்சாரம் மிச்சம் பிடிக்க இலங்கை நேரத்தை 6:30 ஆக்கினார்கள், அதே வருசம் ஒக்ரோபரில் 6 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில் திரும்ப 5:30. பழைய கோப்புகளின் நேரத்தைப் பார்க்கும்போது கொல்கத்தா வலயம் வைத்திருந்தால் அந்தப் பத்து வருசக் கணக்கும் பிழைக்கும். அந்த நாட்களில் எங்கட பக்கம் ஒருவர் "பத்து மணிக்கு வாங்கோ" என்றால் பழைய பத்தா புதுப் பத்தா என்று கேட்டுத்தான் போகவேணும்.

சாவிக்கொத்து · வெள்ளி, மாலை 3:45

கொக்குவில்காரன் அண்ணா, எல்லாவற்றிலும் கொல்கத்தா வலயம்தான், சரிபார்த்துவிட்டேன்.

ஆனால் க்ரோனியை நிறுவவே முடியவில்லை! 9-ஆம் எண்ணில் ஏப்டி அப்டேட் (மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் 220 சொச்சம் நாள் பொறுத்திரு என்கிறது. நேரம் சரியாக க்ரோனி வேண்டும், க்ரோனி வர நேரம் சரியாக வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதைதான். சரி என்று "டைம்டேட்சிடிஎல் செட்-டைம்" கொடுத்தால், தானியங்கி ஒத்திசைவு ஆனில் இருக்கிறது, மாற்ற மாட்டேன் என்று முறைக்கிறது.

பழைய_சர்வர் · வெள்ளி, மாலை 4:10

செய்யாத வேலைக்கு இத்தனை முறைப்பு அதற்கு. முதலில் "டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ஃபால்ஸ்", அப்புறம் செட்-டைம். இன்றைய தேதி இருந்தால் போதும், நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். உடனே ஏப்டி அப்டேட், க்ரோனி நிறுவல். எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் வசதி) இருந்தால் இந்த நான்கு வரியையும் ஒரு சுற்றில் போட்டு 21 கணினிக்கும் உங்கள் மேசையிலிருந்தே அனுப்பிவிடலாம். தேதியைக் கையால் வைப்பது இதுதான் கடைசி முறை.

இன்னும் இரண்டு திருத்தம். க்ரோனி.கான்ஃபில் "மேக்ஸ்டெப் 1 3" என்று இருக்கும். முதல் மூன்று அளவீட்டுக்குள் ஒரு விநாடிக்கு மேல் பிசகு கண்டால் ஒரே தாவலில் சரிசெய்யும், அதற்குப் பிறகு மெதுவாகத்தான் நகர்த்தும். உங்களுக்கு அது போதும். டெபியன் பூல் வரியை மட்டும் முன்னால் ஒரு குறி போட்டு அணைத்துவிடுங்கள், 123 அடைத்திருக்கும்போது வீணாகத் தட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து /எட்சி/டிஃபால்ட்/க்ரோனி கோப்பைத் திறந்தால் டீமன் ஆப்ட்ஸ் என்ற வரியில் "-எஃப் 1" என்று இருக்கும். அதோடு "-எஸ்" சேருங்கள், சின்ன எழுத்து. டைம்சின்க்டி போய்விட்டதால் கடைசி நேரத்தைக் குறித்துவைக்க இப்போது ஆள் இல்லை. இந்த எழுத்து இருந்தால், க்ரோனி திறந்ததும் பயாஸ் நேரத்தைப் பார்க்கும். அது பழங்காலத்தில் இருந்தால் தன் டிரிஃப்ட் கோப்பு (கடிகாரப் பிசகைக் குறித்துவைக்கும் கோப்பு) கடைசியாக எப்போது எழுதப்பட்டதோ அந்த நேரத்துக்காவது கடிகாரத்தைக் கொண்டு வரும். செல் போடாத கணினிகள் 2012-இல் கண் விழிக்காது.

அஞ்சுநிமிஷம் · வெள்ளி, மாலை 5:00

ஒரு சந்தேகம். குத்தலுக்காகக் கேட்கவில்லை. டிஹெச்சிபியில் வரும் முகவரியை அப்படியே நம்பலாமா? ஒரு குறும்புக்காரப் பையன் மடிக்கணினியைச் செருகி இன்னொரு டிஹெச்சிபி ஓட்டினால் ஆய்வகம் முழுக்க 2050-க்குப் போய்விடுமே.

வலைப்பின்னி · வெள்ளி, மாலை 5:25

போகும். அதே பையன் கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும்கூட மாற்றிக் கொடுக்கலாம், அப்போது நேரம்தான் நம் கடைசிக் கவலை. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்தால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (கண்டவர் தரும் டிஹெச்சிபி பதிலைத் தடுப்பது) வைக்கலாம். பள்ளிச் சுவிட்சில் அது இருக்காது.

நேரத்தைக் கையொப்பத்தோடு வாங்க என்டிஎஸ் என்ற முறை இருக்கிறது, 2020-இல் தரமாக வந்தது. க்ரோனி 4.0-இலிருந்து உண்டு. உபுண்டு 25.10-இல் டைம்சின்க்டியை எடுத்துவிட்டு க்ரோனியையும் என்டிஎஸ்ஸையும் இயல்பாகவே வைத்துவிட்டார்கள். ஆனால் அதற்கும் சான்றிதழ் சரிபார்க்க வேண்டும், சான்றிதழ் சரிபார்க்க நேரம் சரியாக வேண்டும். அக்காவின் செத்த செல் கணினிகளில் அங்கேயும் அதே கல்யாணக் கதை. "நோசெர்ட்டைம்செக் 1" என்று ஒரு வரி போட்டால் முதல் முறை மட்டும் சான்றிதழின் தேதியைப் பார்க்காமல் விடும்.

சாவிக்கொத்து · செவ்வாய், காலை 10:40

நேற்று 21-லும் க்ரோனி ஏறிவிட்டது. மாலை வரை அற்புதம். எல்லாத் திரையிலும் ஒரே நிமிடம், விநாடி மாறுவதுகூட ஒன்றாக. 9-ஆம் எண்ணில் நான் கையால் வைத்த நேரத்தில் மீதியிருந்த பிசகை ஒரே தாவலில் சரிசெய்ததை லாகில் பார்த்தேன்.

இன்று காலை இரண்டு கூத்து. அலுவலக வேலைக்காக என் மேசைக் கணினியை விண்டோஸில் திறந்திருந்தேன். அதில் இரண்டும் உண்டு, இதை முன்பே சொல்லாதது என் தப்பு. ஆய்வகத்தில் ஒரு கணினிக்கும் ஐபி வரவில்லை. பதறிப்போய் லினக்ஸுக்கு மாற்றினேன். அப்போது பார்த்து இணையம் இல்லை. ஐபி வந்தது, நேரமும் வந்தது, ஆனால் காலை 9:10-க்கு எல்லாத் திரையிலும் மதியம் 2:40!

பழைய_சர்வர் · செவ்வாய், காலை 11:00

அதே ஐந்தரை மணி. விண்டோஸ் பயாஸ் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதைப் பொதுநேரம் என்று படித்து மேலே 5:30 கூட்டும். வழக்கமாக க்ரோனி சில விநாடியில் திருத்திவிடும். இணையம் இல்லாததால் திருத்த ஆள் இல்லை, லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 அதை ஊருக்கே பரிமாறிவிட்டது. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் "ரியல்டைம்இஸ்யுனிவர்சல்" என்று ஒரு மதிப்பை 1 ஆக்கினால் அதுவும் பொதுநேரமே எழுதும். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது, சர்வர் வேலையை அந்தக் கணினியிலிருந்தே எடுத்துவிடுங்கள். இடையில் மூடித் திறக்கிற எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

சாவிக்கொத்து · புதன், மாலை 4:20

மாற்றிவிட்டேன். 17-க்கு.

யாரும் உட்காராத கணினி அதுதான். புதுச் செல் போட்டு, மானிட்டரைக் கழற்றிவிட்டு, 192.168.10.2-ஐ அதற்குக் கொடுத்து, க்ரோனியையும் டிஎன்எஸ்மாஸ்க்கையும் அங்கே கொண்டுபோனேன். ஐபி அதேதான் என்பதால் இணைப்புக்காரர்களுக்கு மறுபடி கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை, மற்ற கணினிகளிலும் ஒன்றும் மாற்றவில்லை. "க்ரோனிசி கிளையன்ட்ஸ்" அடித்தால் 21 பேரும் வரிசையாக நிற்கிறார்கள், என் மேசைக் கணினியும் சேர்த்து. வெயில் படாமல் ஜன்னலுக்கு ஒரு அட்டை வைத்திருக்கிறேன்.

மதியம் மின்சாரம் போய் வந்தது. 17 எழுவதற்குள் மற்றவை எழுந்துவிட்டதால் சிலவற்றுக்கு ஐபி கிடைக்கத் தாமதமானது. யுபிஎஸ்ஸில் மாட்டினால் போதுமா?

வலைப்பின்னி · புதன், மாலை 4:45

17-ஐயும் சுவிட்சையும் சேர்த்து மாட்டுங்கள் அக்கா. பயாஸில் மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கும், 17-இல் மட்டும் அதையும் போட்டுவிடுங்கள்.